பத்தி நான்கு

மாதிரி வரைவு
ஏதோ கடலோரப் பேரூராட்சியிலிருந்து வந்தது.
ஊர்ப்பெயரை மாற்றினால் போதும் என்றார்
செயல் அலுவலர் வேதநாயகி.
மாற்றினேன்.
பத்தி நான்கு மட்டும் கண்ணில் படாமல் தங்கிவிட்டது:
‘சிலைகள் உப்புக்காற்றைத்
தாங்குபவையாக இருத்தல் வேண்டும்.’

எங்களுக்குக் கடல் கிடையாது.
வானம் தெளிந்த நாளில் நகரி மூக்கு தெரியும்.
சோதனைச்சாவடி தாண்டினால்
பெயர்ப்பலகைகள் எழுத்தை மாற்றிக்கொள்ளும்,
விசைத்தறி
அந்தப் பக்கமும் இதே சத்தம்தான்.

பொதுக்கலை மற்றும் பேரூராட்சிச் சேகரிப்புக் கொள்கை.
கொள்கைக்கு முன்னால் பட்டியல் வேண்டுமாம்.
சைக்கிளில் மூன்று நாள் அலைந்து எழுதினேன்.
பூங்காவில் சிமெண்ட் மான், ஒன்று.
கொம்பு, அதுவும் ஒன்று.
குடம் சாய்த்து நிற்கும் பெண்:
திறப்பு விழாவன்று இருபது நிமிடம் ஊற்றினாள்,
பிறகு சாய்த்தபடியே நிற்கிறாள்.
கூட்ட அறைக் கடிகாரம், ஓடவில்லை,
உபயதாரர் பெயர் முள்ளைவிட நீளம்.
எட்டு மணிச் சங்கு
கலைப்பொருளா மின்சாதனமா?
கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

‘மதிப்பு’ என்றொரு கட்டம்.
மானுக்குப் பழைய பதிவேட்டில் நூற்றுப்பத்து ரூபாய்.
பிள்ளைகள் ஏறி இறங்கி
அதன் முதுகு முட்டை ஓடு போல வழவழத்திருப்பதை எழுத
கட்டம் எதுவும் இல்லை.

கடைசியில் அந்தக் கல்.
நான்காம் வார்டு, ஆழ்துளைக் குழாயடி.
ஒரு முகம் தமிழ்
மறுமுகம் தெலுங்கு
மேல்முகம் துணி துவைக்க.

கூட்டத்தில் வாசித்தேன்.
கல்லை அலுவலக வாசலுக்குக் கொண்டுவந்து
கண்ணாடிக் கூண்டு போட வேண்டும் என்றார் எத்திராஜுலு.
போடலாம், எந்த முகம் ரோட்டைப் பார்க்கும்
என்று கேட்டார் மங்கபதி.
அரைமணி நேரம் அதிலேயே போயிற்று. டீ வந்தது.
‘சுற்றி வந்து பார்க்கும்படி வைக்கலாமே’
என்று சொன்னது யாரென்று நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.
குறிப்பு எழுதுகிறவனுக்குப் பேச உரிமை இல்லை.

பிறகு பத்தி நான்கு.
‘இன்னாய்யா, கடல் எப்ப வந்துச்சு?’
மேசை தட்டிச் சிரித்தார்கள்.
காது சுட, அடிக்கப் பேனாவைத் திறந்தேன்.

‘அடிக்காதய்யா’ என்றார் மல்லீஸ்வரி,
நான்காம் வார்டு உறுப்பினர்,
அதுவரை வாயே திறக்காதவர்.
‘வந்து பாருங்க.’

வெயிலில் எல்லோரும் போனோம்.
குழாயடியில் ஒரு பெண்
போர்வையை அடித்துக்கொண்டிருந்தாள்.
எங்களுக்காக நிறுத்தவில்லை.
கல்லின் அடியில்
கடைசி இரண்டு வரிகள்
இந்த மொழியிலும் அந்த மொழியிலும்
வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தன.
மல்லீஸ்வரி நகத்தால் சுரண்டி
நாக்கில் வைத்துக் காட்டினார்.
‘காத்துல வரலய்யா. கீழருந்து வருது.
சாயத்தண்ணி எறங்கி எறங்கி
குடிக்கவும் முடியல, இதுவும் நிக்கல.’

குடத்துப் பெண்ணின் குழாயை அடைத்ததும்
மானின் கொம்புக்குள் கம்பியைத் தின்றதும்
இதே உப்புதான் என்று
அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.
யாரும் சிரிக்கவில்லை.
எத்திராஜுலு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

‘அப்போ கல்லைத் தூக்கிடலாமில்ல?’

போர்வைக்காரி அப்போதுதான் நிமிர்ந்தாள்.
‘தொவைக்க வேற கல்லு போடுங்க, தூக்கிக்கினு போங்க.
அதுவரைக்கும் இது எங்க கணக்கு.’

மாலையில் வரைவைத் திருத்தினேன்.
புது விதி ஒன்று:
புழக்கத்தில் உள்ள பொருளை எடுக்குமுன்
அந்தப் புழக்கத்துக்கு மாற்று தரப்பட வேண்டும்.
நிதி எந்தத் தலைப்பில் என்று
வேதநாயகி ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்.
பதில் எழுதவில்லை இன்னும்.

பத்தி நான்கில்
‘காற்று’ என்பதை மட்டும் அடித்தேன்.

மான் பற்றிய பொருள்
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.